வேலைய விடாம எம்.ஏ. எகனாமிக்ஸ்: அப்ளிகேஷனுக்கு முன்னாடி மூணு மாசம் கணக்கு போடுங்க

நீங்க கேட்டத சுருக்கமா திரும்ப சொல்லிடறேன். பி.காம் முடிச்சு ரொம்ப வருஷம் ஆச்சு, வயசு 31, கோயம்புத்தூர்ல ஒரு இன்சூரன்ஸ் கம்பெனில ஹெல்த் க்ளெய்ம் பார்க்கிற வேலை, வீட்டுல மூணு வயசு குழந்தை, வேலைய விடாம எம்.ஏ. எகனாமிக்ஸ் படிக்க முடியுமா, கணக்கு சுத்தமா மறந்துபோச்சு, முடிச்சா என்னதான் கிடைக்கும். இதுல மூணு கேள்வி இருக்கு, மூணுக்கும் ஒரே பதில் கிடையாது. நான் ஒரு பப்ளிக் செக்டர் பேங்க்ல வேலை பார்க்கிறேன், 34 வயசுல இக்னோல (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) சேர்ந்து மூணரை வருஷத்துல முடிச்சேன், நடுவுல ஒரு பேப்பர்ல ஃபெயிலும் ஆனேன், அந்த அனுபவத்துல இருந்து சொல்றேன்.

முடியும். ஆனா எல்லாரும் தப்பான இடத்துல இருந்து ஆரம்பிக்கிறாங்க. எந்த யூனிவர்சிட்டி, ஃபீஸ் எவ்வளவு, லாஸ்ட் டேட் எப்ப, இதைத்தான் முதல்ல தேடறாங்க. ஃபீஸ் பெரிய விஷயமே இல்ல, இக்னோல ரெண்டு வருஷத்துக்கும் சேர்த்து பார்த்தா ஒரு சுமாரான ஃபோன் விலைதான் வரும். நிஜமான விலை உங்க நேரம். அதுக்கடுத்து கணக்கு. இந்த ரெண்டையும் சேர்றதுக்கு முன்னாடியே சரிபண்ணாதவங்கதான் முதல் வருஷத்தோட காணாம போயிடறாங்க. என்கூட கவுன்சிலிங் க்ளாஸ்ல, அதாவது இக்னோ நடத்தற நேரடி வகுப்புல, உட்கார்ந்தவங்கள்ல பாதிக்கு மேல ரெண்டாவது வருஷம் நான் பார்க்கவே இல்ல.

முதல்ல நேரக் கணக்கு. இக்னோ கணக்குப்படி ஒரு கிரெடிட்னா 30 மணி நேரப் படிப்பு. மைக்ரோ எகனாமிக்ஸ் பேப்பர் 6 கிரெடிட், அப்ப 180 மணி நேரம். வருஷத்துக்கு இப்படி அஞ்சு பேப்பர்னு வச்சுக்கோங்க, 900 மணி நேரம், வாரத்துக்கு 17 மணிக்கு மேல போகுது. இப்ப உங்க வாரத்த நேர்மையா எழுதிப் பாருங்க. வார நாள்ல குழந்தை தூங்கினப்புறம் ஒரு மணி நேரம், ஞாயித்துக்கிழமை நாலு மணி நேரம், எல்லாம் சேர்த்தா 9, நல்ல வாரமா இருந்தா 10. அதாவது வருஷத்துக்கு 520, மூணு பேப்பருக்கே 20 மணி நேரம் பத்தாது. ஆகவே புரோஷர்ல ரெண்டு வருஷம்னு போட்டிருந்தாலும் வேலைக்குப் போறவங்களுக்கு அது மூணு, மூணரை வருஷக் கோர்ஸ். இக்னோ அதிகபட்சம் நாலு வருஷம் குடுக்குது, வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஜூன்லயும் டிசம்பர்லயும் எக்ஸாம் வைக்குது, எந்த பேப்பர எப்ப எழுதறதுங்கறது நம்ம இஷ்டம். இந்த வசதிய முதல் நாள்ல இருந்தே பயன்படுத்தணும். நான் பண்ணல. முதல் ஜூன்லயே அஞ்சு பேப்பருக்கும் எக்ஸாம் ஃபார்ம் போட்டேன், பேங்க்ல மார்ச் க்ளோசிங் முடிஞ்சு மூச்சு விடறதுக்குள்ள ஏப்ரல் ஓடிப்போச்சு, கணக்கும் புள்ளியியலும் வர்ற குவான்டிடேட்டிவ் பேப்பர் அவுட். அப்புறம்தான் புத்தி வந்து டிசம்பருக்கு ரெண்டு, ஜூனுக்கு ஒண்ணுன்னு மாத்தினேன். உங்க ஆபீஸ்லயும் வருஷக் கடைசி ரின்யூவல் நெருக்கடி இருக்கும்ல, அத பார்த்து எந்த சீசன்ல கஷ்டமான பேப்பர் எழுதறதுன்னு முடிவு பண்ணுங்க.

அடுத்து கணக்கு, இதத்தான் நான் விரிவா சொல்லணும். பேப்பர்ல டிவில வர்ற பொருளாதாரம் வேற, எம்.ஏ.ல வர்ற எகனாமிக்ஸ் வேற. ஜிடிபி ஏறிச்சா இறங்கிச்சா, பட்ஜெட்ல யாருக்கு என்ன, இதெல்லாம் பேச ஆசைப்பட்டு வர்றவங்க மைக்ரோ புக்க தொறந்ததும் முதல் யூனிட்லயே டெரிவேட்டிவ, அதாவது கணக்குல வர்ற வகையீட்ட, பார்த்து மூடிடறாங்க. நானும் மூடினேன், அலமாரில ஒன்றரை மாசம் இருந்துச்சு. பயப்படுத்தறதுக்காக சொல்லல, அங்க தேவைப்படற கணக்கு உண்மையிலேயே ரொம்ப இல்ல. வகையிடல், பகுதி வகையிடல், அதிகபட்சம் குறைந்தபட்சம் கண்டுபிடிக்கிறது, மேட்ரிக்ஸ், கொஞ்சம் நிகழ்தகவு, அப்புறம் ரெக்ரஷன், அதாவது ஒண்ணு மாறினா இன்னொண்ணு எவ்வளவு மாறுதுன்னு டேட்டாவ வச்சு கணிக்கிறது. அவ்வளவுதான். ஆனா இது கையில ஓடணும். பார்த்தா புரியுதுங்கற லெவல் பத்தாது, பேனா எடுத்தா வரணும்.

ஒரு உதாரணம் போட்டுக் காட்டறேன், இது புரிஞ்சா முதல் யூனிட் பாதி முடிஞ்ச மாதிரி. உங்க கையில 120 ரூபா. டீ 15, வடை 10. உங்க திருப்தி டீ எண்ணிக்கைய வடை எண்ணிக்கையால பெருக்கினா வர்றதுன்னு வச்சுக்கோங்க, அதாவது வெறும் டீயா குடிச்சாலும் பூஜ்யம், வெறும் வடையா தின்னாலும் பூஜ்யம், ரெண்டும் கலந்தாதான் ருசி. எத்தன டீ, எத்தன வடை வாங்கினா திருப்தி அதிகம்? இத லக்ராஞ்ச் முறைல, அதாவது கையில இருக்கற காசுக்குள்ள அதிகபட்சத்த கண்டுபிடிக்கிற முறைல, போட்டா வர்ற நிபந்தனை சிம்பிள்: கடைசியா டீல போட்ட ஒரு ரூபா தர்ற திருப்தியும் கடைசியா வடைல போட்ட ஒரு ரூபா தர்ற திருப்தியும் சமமா இருக்கணும். சமமா இல்லேன்னா கம்மியா தர்ற பக்கத்துல இருந்து காச எடுத்து அதிகமா தர்ற பக்கம் போடலாமே, அதான் லாஜிக். கணக்கு போட்டா 4 டீ, 6 வடை, டீக்கு 60 ரூபா, வடைக்கு 60 ரூபா, திருப்தி 24. இதுவரைக்கும் எல்லாரும் போட்டுடுவாங்க. அங்க லாம்ப்டான்னு ஒண்ணு வரும், இந்தக் கணக்குல அதோட மதிப்பு 0.4, அத விடைத்தாள்ல எழுதிட்டு அர்த்தம் தெரியாம அடுத்த கேள்விக்குப் போயிடுவாங்க. அர்த்தம் இதுதான், கையில 120க்கு பதிலா 121 இருந்தா திருப்தி 24ல இருந்து ஏறக்குறைய 24.4 ஆகும். கூடுதலா கிடைக்கிற ஒரு ரூபாயோட மதிப்பு. நிழல் விலைன்னு சொல்வாங்க.

இது புரிஞ்ச அன்னிக்கு நான் லோக்கல் ட்ரெயின்ல இருந்தேன், கூடுவாஞ்சேரில ஏறி பீச் வரைக்கும், உட்கார இடம் கிடைச்ச நாள். ரூபாய்க்கு பதிலா நேரத்த போட்டுப் பார்த்தேன். தூக்கம், ஆபீஸ், புள்ளைங்க, படிப்பு, எல்லாத்துலயும் கடைசி ஒரு மணி நேரம் தர்றது சமமா இருக்கான்னு. இல்ல. ராத்திரி பதினோரு மணிக்கு மேல படிக்கிற மணி நேரம் எனக்கு ஒண்ணுமே தரல, மறுநாள் ஆபீஸ்ல தூக்கம்தான் தந்துச்சு. காலைல அஞ்சு மணிக்கு மாத்தினேன். எகனாமிக்ஸ் படிச்சு நான் எடுத்த முதல் முடிவு அதுதான், சிரிக்காதீங்க.

சரி, கணக்க எங்க இருந்து புடிக்கிறது. எல்லாரும் வெளிநாட்டு டெக்ஸ்ட்புக் பேர சொல்வாங்க, சியாங் எழுதின கணிதப் பொருளியல் புக் நல்ல புக்தான், ஆனா பத்து வருஷம் கணக்கே தொடாத ஒருத்தர் அத எடுத்தா மூணாவது சாப்டர்ல நின்னுடுவார். நான் சொல்றது நம்ம தமிழ்நாடு பாடநூல் கழகத்தோட 11ஆம் வகுப்பு வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல், அப்புறம் 12. பி.டி.எஃப் இலவசம், தமிழ் மீடியமும் இருக்கு இங்கிலீஷ் மீடியமும் இருக்கு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிக்கலாம். 11ல வகையீட்டின் பயன்பாடுகள்னு ஒரு பாடம் இருக்கு, அதுல இறுதிநிலைச் செலவு, தேவை நெகிழ்ச்சி (விலை மாறினா தேவை எவ்வளவு மாறுதுங்கறது), பகுதி வகையிடல் எல்லாம் வருது. மேட்ரிக்ஸ் பாடத்துல பொருளாதார அறிஞர் லியான்டிஃப்போட உள்ளீடு வெளியீடு பகுப்பாய்வே இருக்கு, அந்த மனுஷன் அதுக்குத்தான் 1973ல நோபல் வாங்கினார், நாம பப்ளிக் எக்ஸாமுக்கு அஞ்சு மார்க்னு நெனச்சு தாண்டிப் போயிருப்போம். 12ல தொகையிடல வச்சு நுகர்வோர் உபரி கண்டுபிடிக்கிறது, நிகழ்தகவுப் பரவல், மாதிரிக் கணிப்பு, குறியீட்டு எண்கள். எம்.ஏ. குவான்டிடேட்டிவ் பேப்பரோட அஸ்திவாரம் பூரா இந்த ரெண்டு புத்தகத்துல கிடக்கு. பதினாறு வயசுப் பையனுக்கு எழுதின புக்ங்கறதால கூச்சப்படாதீங்க. என் பொண்ணு அப்ப ஆறாவது, அப்பா ஏன் ப்ளஸ் ஒன் புக் படிக்கிறாருன்னு வீட்டுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டு இருந்தா.

மூணு மாசம் இத மட்டும் பண்ணுங்க, தினம் முக்கால் மணி நேரம். அதுக்கப்புறமும் ஆசை இருந்தா அட்மிஷன் போடுங்க. மூணு மாசத்துல சலிச்சுப்போச்சுன்னா ஃபீஸும் மிச்சம், குற்ற உணர்ச்சியும் மிச்சம்.

இப்ப எங்க சேர்றது. உங்களுக்கு நிஜமா இருக்கிற வழிகள் கொஞ்சம்தான். ரெகுலர் காலேஜ்ல நல்ல எகனாமிக்ஸ் வேணும்னா சென்னை கோட்டூர்புரத்துல மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கு, ராஜா செல்லையா 1993ல ஆரம்பிச்சது, இல்லேன்னா டெல்லி ஸ்கூல், புனேல கோகலே இன்ஸ்டிட்யூட், ஆனா அதுக்கெல்லாம் பகல் பூரா க்ளாஸ்ல உட்காரணும், வேலைய விட்டாத்தான் ஆகும். குழந்தையும் இஎம்ஐயும் இருக்கற வீட்டுல அந்தப் பேச்சே எடுக்க வேண்டாம். மிச்சம் தொலைநிலைக் கல்விதான். இக்னோ, மெட்ராஸ் யூனிவர்சிட்டி தொலைதூரக் கல்வி, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். இக்னோல ஏதாவது ஒரு டிகிரி இருந்தா போதும், பி.காம் தாராளமா செல்லும். மீடியம் இங்கிலீஷ் இல்ல ஹிந்தி, தமிழ் கிடையாது. தமிழ்ல எழுதணும்னா நம்ம ஸ்டேட் யூனிவர்சிட்டி பக்கம் போகணும்.

தமிழா இங்கிலீஷாங்கறதுல என் கருத்து கொஞ்சம் மாறினது. முன்னாடி இங்கிலீஷ்ல படிச்சாத்தான் மதிப்புன்னு நெனச்சேன். இப்ப தோணறது, புரியறதுக்கு தமிழ், எழுதறதுக்கு உங்களுக்கு எது வேணுமோ அது. இன்டிஃபரன்ஸ் கர்வ்னு படிக்கும்போது ஏதோ அலட்சியத்தோட சம்பந்தப்பட்டதுன்னு மனசுல ஓடிட்டு இருந்துச்சு, சமநோக்கு வளைகோடுன்னு நம்ம ப்ளஸ் ஒன் பொருளியல் புக்ல பார்த்ததும், ஓ ரெண்டையும் சமமா பார்க்கிறான், அதான் விஷயமான்னு பளிச்சுன்னு ஆச்சு. ஆப்பர்சூனிட்டி காஸ்ட்ட வாய்ப்புச் செலவுன்னு சொல்றதும் அப்படித்தான். ஆனா மேல படிக்கணும், காலேஜ்ல பாடம் எடுக்கறதுக்கான நெட் தகுதித் தேர்வு எழுதணும், ஆராய்ச்சிக் கட்டுரை படிக்கணும்னா இங்கிலீஷ தவிர்க்க முடியாது, அத ஒத்துக்கணும்.

எங்க சேர்ந்தாலும் ஒண்ணு மட்டும் விடாதீங்க. யுஜிசியோட தொலைநிலைக் கல்விப் பிரிவு, டெப்னு சொல்வாங்க, அவங்க வெப்சைட்ல அந்த யூனிவர்சிட்டிக்கு, அந்தக் குறிப்பிட்ட கோர்ஸுக்கு, அந்த வருஷ செஷனுக்கு அனுமதி இருக்கான்னு பாருங்க. யூனிவர்சிட்டிக்கு அனுமதி இருக்கும், ஆனா இந்தக் கோர்ஸுக்கு இருக்காது, அப்படியும் நடக்குது. 2024ல இருந்து சேர்றவங்களுக்கு டெப் ஐடின்னு ஒண்ணு கட்டாயம் வேற, அத நீங்களே எடுக்கணும். ஏஜென்டு ஃபோன் பண்ணி சார் நீங்க வரவே வேண்டாம், ஆறு மாசத்துல டிகிரின்னு சொன்னா கட் பண்ணிடுங்க. என்கூட வேலை பார்த்த ஒருத்தர் அப்படி ஒரு இடத்துல காசு கட்டி சர்ட்டிஃபிகேட்டும் வாங்கினார், பிரமோஷன் நேரத்துல வெரிஃபிகேஷனுக்குப் போனப்ப அது செல்லாதுன்னு வந்து மனுஷன் நொந்துட்டார்.

அனுமதி உள்ள இடத்துல வாங்கற டிகிரி, ரெகுலர் டிகிரிக்கு சமம்னு யுஜிசி ரூல்லயே இருக்கு. ஆனா சமம்னு பேப்பர்ல இருக்கறதும் ஒரு இன்டர்வியூல எதிர்ல உட்கார்ந்திருக்கறவர் நினைக்கறதும் ஒண்ணில்ல, அத மறைக்க விரும்பல.

இன்னொரு வழியும் சொல்லணும், எம்.ஐ.டி.யோட மைக்ரோமாஸ்டர்ஸ். டேட்டா, எகனாமிக்ஸ், டிசைன் ஆஃப் பாலிசின்னு பேரு. 2019ல நோபல் வாங்கின அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் நடத்தற க்ளாஸ், வீடியோ பார்க்கிறது இலவசம், சர்ட்டிஃபிகேட் வேணும்னா பணம் கட்டி எக்ஸாம் எழுதணும், அந்தப் பணமும் உங்க வருமானத்த பொறுத்துதான் வைப்பாங்க. அஞ்சு கோர்ஸ் பாஸ் பண்ணணும். இது எம்.ஏ. டிகிரி கிடையாது, நம்ம ஊர்ல கவர்மென்ட் நோட்டிஃபிகேஷனுக்கு செல்லாது. ஆனா பாடம் சொல்லித்தர்ற தரம் இருக்கே, புள்ளிவிவர க்ளாஸ் மட்டுமாவது பாருங்க. நான் இக்னோ புக்கையும் அந்த வீடியோவையும் சேர்த்து வச்சுத்தான் ஓட்டினேன். இக்னோ மெட்டீரியல் பூரா இ-ஞானகோஷ்ல சும்மாவே கிடைக்கும், சேராமலே டவுன்லோட் பண்ணிப் பார்க்கலாம், அதையும் அந்த மூணு மாசத்துல ஒரு தடவை புரட்டிடுங்க.

இனி படிச்சா என்ன கிடைக்கும். இங்கதான் பலபேர் பொய் சொல்றாங்க. உங்க வயசுக்கு மூடின கதவுகள முதல்ல சொல்லிடறேன். யுபிஎஸ்சி நடத்தற இந்தியன் எகனாமிக் சர்வீஸ், எகனாமிக்ஸ் பிஜி இருந்தாத்தான் எழுத முடியும், ஆனா வயசு 21ல இருந்து 30, ஓபிசிக்கு மூணு வருஷம், எஸ்சி எஸ்டிக்கு அஞ்சு வருஷம் தளர்வு. ரிசர்வ் பேங்க்ல எகனாமிஸ்ட்டா போற கிரேட் பி பதவிக்கும் பொதுவா 30தான். நீங்க இப்ப சேர்ந்தா முடிக்கும்போது 34, 35. அதனால இத மனசுல வச்சுட்டு சேராதீங்க. இதப் படிக்கிற 24, 25 வயசுக்காரங்க யாராவது இருந்தா, உங்களுக்கு இது திறந்த கதவு, சீக்கிரம் போங்க.

திறந்திருக்கறது நெட். அசிஸ்டென்ட் புரொஃபசர் தகுதிக்கு வயசு வரம்பு கிடையாது, எம்.ஏ.ல 55% வேணும், ரிசர்வேஷன் பிரிவுக்கு 50%. இந்த 55அ சாதாரணமா நினைக்காதீங்க, இக்னோல அசைன்மென்ட்டுக்கு 30, எக்ஸாமுக்கு 70, பாஸ் மார்க் 40, பாஸானா போதும்னு 48 எடுத்தவங்க அப்புறம் தலையில கை வச்சுக்கிட்டாங்க. அசைன்மென்ட்ல மார்க் நிறைய போடறாங்க, அங்க அலட்சியம் வேண்டாம். ஸ்கூல் பிஜி டீச்சர் ஆகலாமான்னு நினைச்சா அதுக்கு பி.எட் வேணும், அதோட பி.காமும் எகனாமிக்ஸும் வேற வேற சப்ஜெக்ட்ங்கறதால அந்த நோட்டிஃபிகேஷன வரிக்கு வரி படிச்சுட்டு முடிவெடுங்க.

சம்பளம்? எங்க பேங்க்ல இந்த எம்.ஏ.க்கு தனியா ஒரு ரூபா ஏறல. பேங்க்ல வேலை பார்க்கறவங்களுக்கான ஜேஏஐஐபி, சிஏஐஐபி பரிட்சை எழுதி பாஸானா இன்க்ரிமென்ட் உண்டு, எம்.ஏ.க்கு கிடையாது. உங்க கம்பெனியிலயும் இன்சூரன்ஸ் இன்ஸ்டிட்யூட் பரிட்சைக்குத்தான் மதிப்பு இருக்கும். உடனடி சம்பள உயர்வு மட்டும்தான் குறின்னா தயவுசெஞ்சு அத எழுதுங்க, இது வேண்டாம்.

அப்புறம் எதுக்குத்தான் படிக்கிறது. உங்க வேலையில இருந்தே சொல்றேன். நீங்க தினம் பார்க்கிற பாலிசில ஏற்கனவே இருக்கற நோய்க்கு வெயிட்டிங் பீரியட் இருக்குல்ல, 2024 ஏப்ரல்ல இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அத அதிகபட்சம் நாலு வருஷத்துல இருந்து மூணா குறைச்சாங்க. அந்த வெயிட்டிங் ஏன் இருக்கு? கஸ்டமர் திட்டும்போது நாம கம்பெனி ரூல் சார்னு சொல்லி முடிச்சுடுவோம். மைக்ரோல தகவல் சமமின்மைன்னு ஒரு பகுதி வரும். தன் உடம்ப பத்தி வாங்கறவருக்குத் தெரிஞ்சது விக்கிறவருக்குத் தெரியாது, நோய் இருக்கறவங்களே அதிகமா வாங்குவாங்க, பிரீமியம் ஏறும், ஏறினா ஆரோக்கியமானவங்க விலகுவாங்க, இன்னும் ஏறும், கடைசில மார்க்கெட்டே நிக்காது. அகெர்லாஃப் 1970ல பழைய கார் சந்தைய வச்சு இத எழுதினார், ராத்ஸ்சைல்டும் ஸ்டிக்லிட்ஸும் 1976ல இன்சூரன்ஸ வச்சே எழுதினாங்க, அகெர்லாஃபுக்கும் ஸ்பென்ஸுக்கும் ஸ்டிக்லிட்ஸுக்கும் 2001ல நோபல். க்ளெய்ம்ல ஒரு பங்க கஸ்டமரே கட்டற கோ-பே ஏன், முதல் கொஞ்சம் தொகைய அவரே ஏத்துக்கற டிடக்டிபிள் ஏன், ரூம் ரென்ட்டுக்கு லிமிட் ஏன், எல்லாத்துக்கும் பின்னாடி ஒரு மாடல் இருக்கு. நீங்க எட்டு வருஷமா அந்த மாடலுக்குள்ளதான் உட்கார்ந்திருக்கீங்க, க்ளாஸ்ல சின்னப் பசங்களுக்குக் கற்பனை பண்ணவேண்டிய விஷயம் உங்களுக்கு டேபிள்ல ஃபைலா கிடக்கு.

இன்னொண்ணு. 2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர் ஹெல்த், லைஃப் பாலிசிக்கு 18% ஜிஎஸ்டிய எடுத்தாங்க. எல்லாரும் பிரீமியம் 18 குறையும்னு நினைச்சாங்க. ஆனா வரிவிலக்கு ஆனதும் கம்பெனிக்கு உள்ளீட்டு வரிய திரும்ப எடுக்கற வசதியும் போயிடுச்சு, ஆபீஸ் வாடகை, ஏஜென்ட் கமிஷன் இதுக்கெல்லாம் கட்டற ஜிஎஸ்டி இப்ப செலவு. அந்தச் செலவு யார் தலைல விழும், கஸ்டமரா, கம்பெனியா, ஏஜென்ட்டா? சட்டத்துல யார் பேர் இருக்குங்கறத வச்சு இது முடிவாகாது, யாருக்கு விலகிப்போக முடியாதோ அவங்க தலைலதான் பெரும்பங்கு விழும், அதாவது நெகிழ்ச்சி கம்மியா இருக்கறவங்க. பப்ளிக் எகனாமிக்ஸ்ல வரிச்சுமைனு ஒரு யூனிட் வரும், அத படிச்சவங்களுக்கு இது பத்து நிமிஷத்துல வரைஞ்சு காட்டற படம். டெஸர்ட்டேஷன் எழுத டாபிக் தேடறவங்க இருக்காங்க, உங்க முன்னாடி கிடக்கு.

எனக்கு கண்ண தொறந்தது எகனாமெட்ரிக்ஸ், அதாவது பொருளாதாரத்த டேட்டாவ வச்சு அளந்து பார்க்கற பாடம். மேலிடத்துல இருந்து ஒரு சர்க்குலர் வந்துச்சு, மொபைல் ஆப் யூஸ் பண்ற கஸ்டமர்கள் லோன் ஒழுங்கா கட்டறாங்க, அதனால எல்லாரையும் ஆப்ல சேருங்க, டார்கெட் இத்தன. நாங்களும் ஆள புடிச்சுப் புடிச்சு இன்ஸ்டால் பண்ணிக் குடுத்தோம், வாராக்கடன் அசையல. ஏன்னா ஆப் வச்சிருந்தவங்க பாதிப்பேர் மாசச் சம்பளக்காரங்க, ஒழுங்கா கட்டினது சம்பளம், ஆப் இல்ல. விடுபட்ட மாறின்னு சொல்வாங்க, ரெக்ரஷன்ல சம்பளத்த சேர்க்காம விட்டா அதோட புகழெல்லாம் ஆப்புக்குப் போயிடும். தாமோதர் குஜராத்திங்கறவர் எழுதின எகனாமெட்ரிக்ஸ் புக்ல அந்தப் பகுதிய படிச்சப்ப எனக்கு சிரிப்பு வந்துச்சு, மூணு மாசம் சனிக்கிழமை எல்லாம் அதுக்கு அலைஞ்சிருக்கோமே. இப்ப ஒரு ரிப்போர்ட் வந்தா முதல்ல நான் கேக்கற கேள்வி, யார இதுல சேர்க்கல? மேனேஜருக்கு இது பிடிக்கறதில்ல, வேற விஷயம்.

மேக்ரோவும் அப்படித்தான். ரிசர்வ் பேங்க் ரெப்போவ, அதாவது அது பேங்க்குகளுக்குக் கடன் குடுக்கற வட்டிய, 2025 பிப்ரவரில 6.5ல இருந்து குறைக்க ஆரம்பிச்சு ஜூன்ல 5.5க்கு கொண்டுவந்தப்ப, ஒரு கஸ்டமருக்கு ஹோம் லோன் வட்டி உடனே குறையுது, பக்கத்து சீட்ல இருக்கறவருக்கு குறையல, ரெண்டுபேரும் கவுண்டர்ல சண்டை. ஒருத்தர் 2019 அக்டோபருக்கு அப்புறம் வந்த ரெப்போவோட இணைஞ்ச லோன், இன்னொருத்தர் பழைய எம்சிஎல்ஆர் லோன், அது பேங்க்கோட டெபாசிட் செலவு மெதுவா இறங்கினாத்தான் இறங்கும். பணக்கொள்கை எப்படி கீழ வரைக்கும் போய்ச் சேருதுன்னு பாடத்துல வர்றதுக்கு எங்க கவுண்டர்தான் லேப்.

கருவிக்கெல்லாம் காசு செலவு பண்ணாதீங்க. க்ரெடல்னு ஒரு சாஃப்ட்வேர், ஆர்னு இன்னொண்ணு, ரெண்டும் இலவசம். தேசிய புள்ளிவிவர அலுவலகத்தோட தொழிலாளர் சர்வே, 2022-23 குடும்பச் செலவு சர்வே, இதோட வீடுவாரியான டேட்டாவே சும்மா டவுன்லோட் பண்ணிக்கலாம், ரிசர்வ் பேங்க் டேட்டாபேஸும் இருக்கு. முதல்ல க்ரெடல்ல ஆரம்பிங்க, பட்டன் அமுக்கினா ரெக்ரஷன் வந்துடும், ஆர் கத்துக்கறது பொறுமையா பண்ணலாம்.

யாரும் சொல்லாத ஒரு சின்ன விஷயம், கை. வருஷக்கணக்கா கீபோர்டு தட்டிட்டு திடீர்னு மூணு மணி நேரம் பேனால எழுதினா ஒன்றரை மணி நேரத்துல விரல் மரத்துடும், என் முதல் எக்ஸாம்ல கடைசி கேள்விய எனக்கே படிக்க முடியாத கையெழுத்துல எழுதிட்டு வந்தேன். அசைன்மென்ட்ட கையால எழுதச் சொல்றாங்களேன்னு எல்லாரும் அலுத்துக்குவாங்க, உண்மைல அதுதான் பயிற்சி. பழைய கேள்வித்தாள் எல்லாம் இக்னோ சைட்லயே இருக்கு, எக்ஸாமுக்கு ஒரு மாசம் முன்னாடி ஞாயித்துக்கிழமைல கடிகாரம் வச்சு ரெண்டு மூணு முழுத்தாள் எழுதிப் பாருங்க.

வீட்டுல முன்கூட்டியே பேசிடுங்க. நான் என் மனைவிகிட்ட ரெண்டு வருஷம்னு சொல்லி சேர்ந்தேன், மூணரை ஆச்சு, அந்தக் கூடுதல் ஒன்றரை வருஷத்துக்கு இன்னும் வட்டி கட்டிட்டு இருக்கேன். நீங்க முதல்லயே நாலுன்னு சொல்லிடுங்க. குழந்தைக்கு இப்ப மூணு வயசு, நீங்க முடிக்கும்போது ரெண்டாங் கிளாஸ்ல இருக்கும், அந்த நாலு வருஷ ஞாயித்துக்கிழமைய யார்கிட்ட இருந்து எடுக்கறீங்கங்கறத ரெண்டுபேரும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணிக்கோங்க, மாசத்துல ஒரு ஞாயிறு முழுக்க புக்கே தொடறதில்லன்னு நாங்க வச்சிருந்தோம், அது எங்களுக்கு ஒத்துவந்துச்சு.

இப்போதைக்கு அந்த 11ஆம் வகுப்பு புக்க எடுத்து வகையீட்டின் பயன்பாடுகள் பாடத்துல தேவை நெகிழ்ச்சி வர்ற பயிற்சிய போடுங்க. எங்கயாவது மாட்டினா நீங்க போட்ட ஸ்டெப்ப அப்படியே எழுதுங்க, விடை மட்டும் எழுதினா எங்க தப்புன்னு எனக்குத் தெரியாது. காலைல ட்ரெயின்ல பார்த்து பதில் போடறேன்.